விஷம் இல்லாத வீடு

மேசை இழுப்பறைக்குள் கிடந்த நாஜியாவின் கைப்பேசி மறுபடியும் அதிர ஆரம்பித்தது.

சீதாலெட்சுமி அதை எடுக்கவில்லை. இழுப்பறையைத் திறந்து திரையை மட்டும் எட்டிப் பார்த்தாள். பெயர் இல்லாத அதே எண். மூன்று நாளாக விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

"பேங்க் லோன் வசூல் பண்றவன்கூட இவ்ளோ பாசமா கூப்பிட மாட்டான் பாஸ்," என்றான் கிஷன்.

கிஷனுக்கு முப்பத்து நான்கு வயது. வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தவன். ஒருமுறை சீதாலெட்சுமியைச் சவாரி ஏற்றிக்கொண்டு போய், அவள் பின்தொடர்ந்த ஆளை அவளைவிடச் சாமர்த்தியமாகப் பின்தொடர்ந்ததால் அன்றே வேலைக்குச் சேர்க்கப்பட்டவன். வாய் மட்டும் அவனுக்குக் கொஞ்சம் நீளம். சீதாலெட்சுமிக்கு வாய் குறைவு. பதினெட்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்தவள். செத்தவன் என்று எழுதிக் கொடுக்கப்பட்ட ஆளை ஈப்போவில் உயிரோடு பிடித்து, அவன் கையாலேயே காப்பி வாங்கிக் குடித்தவள். இப்போது பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூமாலைக் கடைக்கு மேல் மாடியில் சொந்தமாக அலுவலகம் வைத்திருக்கிறாள்.

கைப்பேசி அடங்கியது.

வழக்கு இதுதான். கிள்ளானில் துணிக்கடை வைத்திருக்கும் நூர் முகம்மதுவுக்கு மூன்று பெண்கள். மூத்தவள் சுலைகாவைப் பிரிக்பீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடை நடத்தும் ராசிக்குக்குக் கட்டிக்கொடுத்தார். தலைப்பிரசவம். ஏழு மாதம் முடியும்போது கை, கால், முகம் எல்லாம் வீங்கி, வலிப்பு வந்து, சுலைகா இறந்துபோனாள். வயிற்றைக் கிழித்து எடுத்த பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஜைத் என்று பெயர். அந்தப் பிள்ளைக்கு மாற்றாந்தாய் வந்துவிடக் கூடாது என்று, ஒரு வருடம் கழித்து இரண்டாவது பெண் நாஜியாவை அதே ராசிக்குக்கு நிக்காஹ் செய்துவைத்தார்கள். அக்கா போன இடத்துக்குத் தங்கையை அனுப்புவது நம் குடும்பங்களில் புதிதா என்ன? எல்லா வீட்டிலும் யாராவது ஒருத்தி அப்படிப் போயிருப்பாள்.

இப்போது நாஜியாவுக்கு ஏழாவது மாதம். முகம் வீங்க ஆரம்பித்திருக்கிறது.

"ஒருத்திய கொன்னுட்டான். இப்ப அடுத்தவளையும் கொல்றான் தங்கச்சி," என்று நூர் முகம்மது இந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் அழுதார். சுலைகாவின் கல்யாண மோதிரத்தை மேசைமேல் வைத்தார். பொன் வளையம் ஓரிடத்தில் அறுபட்டிருந்தது. வீங்கிய விரலிலிருந்து கழற்ற முடியாமல் வெட்டி எடுத்த மோதிரம். அதோடு இன்னொரு தகவலும் தந்தார். யாரோ ஒரு பெண் நாஜியாவிடம் ஊசி போட்டு இரத்தம் எடுத்தாளாம். அதே பெண் கார் நிறுத்துமிடத்தில் ராசிக்கோடு ரகசியமாகப் பேசியதை அவர் மனைவி பார்த்திருக்கிறாள். கேட்டதற்கு ராசிக் வாயே திறக்கவில்லை.

சீதாலெட்சுமி யோசித்து ஒரு வழி சொன்னாள். நாஜியாவை அந்த வீட்டிலிருந்து உடனே கிளப்புங்கள். எங்கே வைக்கிறீர்கள் என்று யாரிடமும் சொல்லாதீர்கள், என்னிடம்கூட வேண்டாம். அவள் கைப்பேசி என்னிடம் இருக்கட்டும். உங்கள் கைப்பேசியையும் அணைத்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்து நீங்களே வந்து என்னைப் பாருங்கள், அதுவரை யாருக்கும் கதவைத் திறக்காதீர்கள்.

கெட்டிக்காரத்தனமான யோசனை என்றுதான் அப்போது அவளுக்குத் தோன்றியது.

"மெசேஜ் போடு கிஷன்," என்றாள் இப்போது. "நாஜியா எழுதுற மாதிரி. பேச முடியல, நேர்ல வாங்க, வீட்டுல யாருக்கும் தெரியக் கூடாதுன்னு."

கிஷன் தட்டி அனுப்பினான். பதில் உடனே வந்தது. அதைப் படித்தவன் கைப்பேசியை அவள் பக்கம் திருப்பி வைத்தான்.

'இதோ வர்றேன். தலைவலி இருக்கா? கண்ணு முன்னால வெளிச்சம் வெட்டுற மாதிரி தெரியுதா? வயித்து மேல்பக்கம் வலிக்குதா?'

"குடுத்த மருந்து வேலை செய்யுதான்னு கேக்குறா பாஸ்," என்றான் மெதுவாக.

சீதாலெட்சுமி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

* * *

சந்திப்பதற்கு மோனோரயில் தூண்களுக்குப் பக்கத்தில் இருந்த வாழையிலைச் சாப்பாட்டுக் கடையைச் சொல்லியிருந்தார்கள். மதியக் கூட்டம் கலைந்து, சாயங்கால வியாபாரத்துக்காகக் கடைக்காரர் மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்த நேரம்.

உள்ளே வந்தவளுக்கு நாற்பது வயது இருக்கும். கண்ணாடி போட்டிருந்தாள். ஒரு கையில் மடித்த வெள்ளை அங்கி. இன்னொரு கையில் ஒரு சின்ன ஐஸ் பெட்டி.

"ஐஸ்கிரீம் விக்க வந்த மாதிரி இல்லையே," என்று கிஷன் முணுமுணுத்தான்.

அவள் ஒவ்வொரு மேசையாகத் தேடினாள். கர்ப்பிணி யாரும் இல்லை. திரும்பப் போனவளை வாசலில் கிஷன் மறித்தான். சீதாலெட்சுமி நாஜியாவின் கைப்பேசியை உயர்த்திக் காட்டினாள்.

"உக்காருங்க. நாஜியாகிட்ட என்ன வேணும் உங்களுக்கு?"

அந்தப் பெண் உட்காரவில்லை. பயப்படவும் இல்லை. அவளுக்குக் கோபம்தான் வந்தது. "நான் கேக்கணும் அதை. இந்த ஃபோன் உங்ககிட்ட எப்படி வந்துச்சு? நாஜியா எங்கே?"

"பெட்டிக்குள்ள என்ன இருக்கு?"

"இரத்தம்," என்றாள் அவள், உளுந்து வடை என்று சொல்வதுபோல. "கிளினிக்ல எடுத்த சாம்பிள். என் பேரு அமுதவள்ளி. யூனிவர்சிட்டியில ஆராய்ச்சி பண்றேன். மூணு நாளா அந்தப் பொண்ணைத் தேடிக்கிட்டு இருக்கேன். தயவுசெஞ்சு சொல்லுங்க, அவ உயிரோட இருக்காளா?"

கொலைகாரி கேட்கிற கேள்வியாக அது இல்லை. சீதாலெட்சுமி தன்னை யார் என்று சொன்னாள். அமுதவள்ளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நாஜியாவேதான் என்னைத் தேடி வந்தா," என்றாள். "எங்க அக்கா, சுலைகா லாத்தா, உங்க ஆராய்ச்சிக்கு இரத்தம் குடுத்திருக்காங்க, அவங்க செத்துட்டாங்க, எனக்கும் அப்படி ஆகுமான்னு பாத்துச் சொல்லுங்கன்னு கேட்டா. அவ புருஷனும் இரத்தம் குடுத்தாரு. வாப்பாவுக்குத் தெரிஞ்சா பயந்துடுவாங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்க மச்சான்னு அவரைக் கெஞ்சி வெச்சிருந்தா."

"அதான் அந்த மனுஷன் வாயத் திறக்கலையா?" என்றான் கிஷன்.

"மூணு நாளைக்கு முன்னாலதான் ரிசல்ட் வந்துச்சு. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். என்கிட்ட இருக்குறது அவ நம்பர் மட்டும்தான். யாரும் எடுக்கல."

யாரும் எடுக்காமல் பார்த்துக்கொண்டது யார் என்று சீதாலெட்சுமிக்குத் தெரியும். இருந்தாலும் பதினெட்டு வருடத்து வழக்கம் லேசில் விடாது.

"என்ன ரிசல்ட்? எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க."

அமுதவள்ளி மேசையிலிருந்த தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்துவிட்டுப் பேசினாள்.

"நம்ம உடம்புல ஒரு காவல்கார செல் இருக்கு. இயற்கைக் கொல்லி செல்னு பேரு. பேருதான் அப்படி. மத்த இடத்துல கிருமி புகுந்த செல்லைக் கொல்லும். கர்ப்பப்பையில அதுக்கு வேலையே வேற. புள்ளைக்கு இரத்தம் கொண்டுபோற குழாயை அகலமாக்க உதவும். அந்த செல்லுமேல ஏற்பிகள் இருக்கு. கைங்கன்னு வெச்சுக்கோங்க. சில கை, போய் வேலையப் பாருன்னு தள்ளும். சில கை, நில்லுன்னு பிடிக்கும். யாருக்கு எந்தக் கை இருக்குன்னு ஆளுக்கு ஆள் மாறும். மலாய்க்காரங்க, சீனவங்க, நம்ம ஆளுங்கன்னு ஒவ்வொரு கூட்டத்துலயும் கணக்கு வேற மாதிரி. அதைத்தான் நான் ஆராய்ச்சி பண்றேன்."

"சுலைகாவுக்கு?"

"தள்ளுற கை இல்லவே இல்லைன்னு சொல்லலாம். எல்லாம் பிடிக்கிற கை. அது வியாதி கிடையாது. அப்படிப்பட்ட பொம்பளைங்க எத்தனையோ பேரு சுகமா புள்ள பெத்துக்குறாங்க. சில கிருமிய எதிர்க்க அந்த உடம்புதான் நல்லதுன்னும் சொல்றாங்க. ஆனா புள்ளையோட செல்லுல அப்பா பக்கத்துல இருந்து ஒரு அடையாளம் வரும். அதுல ஒரு ரகம், அந்த 'நில்லு' கையை ரொம்ப அழுத்திப் பிடிக்க வெச்சிடும். ராசிக்குக்கு அவரு அம்மா, அப்பா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் அந்த ரகம்தான் வந்திருக்கு. அவருக்குப் பொறக்கிற எந்தப் புள்ளைக்கும் அதுதான் போகும்."

"போனா?"

"காவல்காரன் கைய கட்டிக்கிட்டு நின்னுடுவான். குழாய் அகலமாகாது. புள்ளைக்கு இரத்தம் பத்தாது. அதுக்கப்புறம் அம்மாவோட பிரஷர் ஏறும். வீக்கம், தலைவலி, கண்ணுல வெளிச்சம், கடைசியா வலிப்பு. இந்தச் சேர்க்கை இருந்தா கட்டாயம் வரும்னு நான் சொல்ல மாட்டேன். வர்றதுக்கு வாய்ப்பு கூடும், அவ்ளோதான். ஆனா சுலைகாவுக்கு வந்துடுச்சே. இப்ப நாஜியாவோட ரிசல்ட்டும் அச்சு அசலா அவ அக்காவோடதுதான். புருஷனும் அதே ஆளு."

கிஷன் தாடையைத் தடவிக்கொண்டான். "அக்காவைக் கவுத்த பஸ்ல தங்கச்சிக்கும் டிக்கெட் எடுத்துக் குடுத்திருக்காங்க," என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவனும் அதைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

"கதை நல்லா இருக்கு டாக்டர்," என்றாள் சீதாலெட்சுமி. "ராசிக்கைக் காப்பாத்துறதுக்கு இதைவிட நல்ல கதை கிடைக்காது. நான் எப்படி நம்புறது?"

"நம்பலைன்னா பரவாயில்ல. பிரஷர் மட்டும் பாருங்க. அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

சீதாலெட்சுமி கைப்பையைத் திறந்து அந்த அறுந்த மோதிரத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். வெட்டுப்பட்ட இடத்தை விரலால் தடவினாள்.

"கிஷன், இதை யாரு வெட்டுனான்னு அந்த மனுஷன் சொன்னாரு?"

"அவரேதான் பாஸ். சாயங்காலம் கடையில இருந்து வந்ததும் நானே பிளையர் வெச்சு வெட்டி எடுத்தேன்னு சொல்லி அழுதாரே."

"கடையில இருந்து எங்கே வந்தாரு?"

கிஷன் மோதிரத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"கிள்ளான் வீட்டுக்கு," என்றாள் அவளே. "தலைப்பிரசவம். பொண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க. சுலைகா வீங்க ஆரம்பிச்சப்போ அவ புருஷன் வீட்டுலயே இல்ல. வாப்பா வீட்டுல இருந்திருக்கா. உம்மா கையால சாப்பிட்டிருக்கா."

"ராசிக் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சாப்பாட்டுப் பார்சல் அனுப்புனான்னு சொன்னாரே பாஸ்?"

"வீடே உக்காந்து சாப்பிட்ட பார்சல். விஷம் ஆளைப் பாத்து வேலை செய்யுமா? வேற யாருக்காவது வயிறு வலிச்சுதா?"

அந்த மோதிரத்தை முதல் நாளே கையில் வாங்கியவள் அவள்தான். அழுகிற அப்பாவைப் பார்த்தாளே தவிர அவர் சொன்னதைக் கேட்கவில்லை. தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. மகள் கண் முன்னால் வீங்கும்போது, பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்குவது சகஜம் என்று வீட்டோடு வைத்துக்கொண்ட மனிதர் அவர். அதை அவர் தன்னிடமே ஒப்புக்கொள்ள முடியாது. அதனால் அவருக்கு ஒரு கொலைகாரன் வேண்டும். அந்தக் கொலைகாரனைப் பிடித்துத் தருவதாக இவள் ஒப்புக்கொண்டாள்.

"நாஜியா இப்ப யாரு பொறுப்புல இருக்கா?" என்று அமுதவள்ளி கேட்டாள்.

"அவ வாப்பா பொறுப்புல," என்றாள் சீதாலெட்சுமி. "டாக்டர் பக்கமே போகக் கூடாதுன்னு ஒளிச்சு வெச்சிருக்காரு. ஒளிச்சு வைக்கச் சொன்னது நான்."

நூர் முகம்மதுவை அழைத்தாள். அணைக்கப்பட்டிருந்தது. அவர் கடைக்கு அழைத்தாள். முதலாளி மூன்று நாளாக வரவில்லை, எங்கே இருக்கிறார் என்று தெரியாது என்றார்கள். மனிதர் அவள் பேச்சை ஒரு எழுத்து விடாமல் கேட்டிருக்கிறார்.

* * *

"எங்க இருக்கான்னு தெரிஞ்ச ஆளு ஒருத்தர்தான் இருக்க முடியும்," என்று சொல்லிக்கொண்டே சீதாலெட்சுமி சாலையைக் கடந்தாள்.

"யாரு?"

"அவ புருஷன். புருஷனை நம்புறவ அவன்கிட்ட சொல்லாம இருப்பாளா?"

ராசிக்கின் கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. கல்லாவில் அவன் மூன்று நாள் தாடியோடு உட்கார்ந்திருந்தான். தன்னைப் பற்றித் தெருவில் விசாரித்துக்கொண்டிருந்த சீதாலெட்சுமியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அமுதவள்ளியைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டான்.

"டாக்டர், ரிசல்ட் வந்துடுச்சா?"

"நாஜியா எங்க இருக்கா?" என்றாள் சீதாலெட்சுமி.

"நீங்கதானே ஒளிச்சு வெச்சீங்க? என்னைக் கேக்குறீங்க?"

"ராசிக், எனக்கு எதிரா உங்களுக்கு ஆயிரம் இருக்கும். அதெல்லாம் அப்புறம். அவ உங்களைக் கூப்பிட்டாளா இல்லையா?"

அவன் கடைக்குள் ஒருமுறை பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னான். "பக்கத்து வீட்டு ஆன்டி ஃபோன்ல, அசர் தொழுகைக்கு அப்புறம் தினமும் சாயங்காலம் கூப்பிடுவா. கிள்ளான் பக்கத்துல, பண்டமாரான்ல மாமாவோட பழைய வீட்டுல இருக்கா. நேத்து கூப்பிட்டப்போ தலை பிளக்குதுன்னா. விஷம் இறங்குறப்போ அப்படித்தான் இருக்கும்னு மாமா சொல்றாராம்." நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "இன்னைக்குக் கூப்பிடல. அசர் முடிஞ்சு எவ்ளோ நேரமாச்சு."

"இடம் தெரிஞ்சும் போகலையா நீங்க?"

"போனா மாமா கதவைத் திறப்பாரா? சாப்பாடு அனுப்பலாம்னு நினைச்சேன். எதை அனுப்பினாலும் விஷம்பாரு. ஒரு தண்ணி பாட்டில்கூட அனுப்பல அக்கா."

சீதாலெட்சுமிக்கு அது போதும். கொல்ல நினைப்பவன் இடம் தெரிந்த பிறகு மூன்று நாள் சும்மா உட்கார்ந்திருப்பானா? அவள் கொலைகாரன் என்று தேடிய ஆள், மனைவிக்குத் தண்ணீர் அனுப்பக்கூடப் பயந்துகொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்திருக்கிறான்.

"கிளம்புங்க. கிஷன், காரை எடு."

* * *

பெடரல் நெடுஞ்சாலையில் வேலை விட்ட நேரத்து நெரிசல். கிஷனின் சிவப்பு மைவி கார் லோரிகளுக்கு நடுவே ஊர்ந்தது. வழக்கமாக இந்த இடத்தில் அரசாங்கத்தைப் பற்றியோ முன்னாள் மாமியாரைப் பற்றியோ ஏதாவது சொல்லுவான். இன்று லோரிகளுக்கு நடுவே இடைவெளி தேடுவதிலேயே இருந்தான்.

அமுதவள்ளி கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் பேசி முடித்தாள். ஆம்புலன்ஸும் வருகிறது. ஆனால் பூட்டிய கேட்டுக்கு முன்னால் ஆம்புலன்ஸ் வந்து என்ன செய்யும்?

"வலிப்பு வந்துட்டா எவ்வளவு நேரம் இருக்கும் டாக்டர்?" என்று ராசிக் பின்னாலிருந்து கேட்டான்.

"வராம இருக்கணும்னு வேண்டிக்கோங்க," என்றாள் அவள்.

பண்டமாரானில் அது ஒரு வரிசை வீடு. இரும்புக் கேட்டில் சங்கிலி சுற்றிப் பெரிய பூட்டு. சன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. கிஷன் ஹாரன் அடித்தான். நூர் முகம்மது வெளியே வந்தார். சீதாலெட்சுமியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தவர், அவளுக்குப் பின்னால் இறங்கிய ராசிக்கைப் பார்த்ததும் அப்படியே நின்றார். பிறகு அமுதவள்ளியைப் பார்த்தார்.

"இவனைக் கூட்டிட்டு வந்திருக்க? அந்த இரத்தம் எடுக்குறவளையுமா?" அவர் ஓரடி பின்வாங்கினார். "எவ்வளவு வாங்குன தங்கச்சி இவன்கிட்ட?"

"அண்ணே, நாஜியாவை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். இது விஷம் இல்ல, இது..."

"விஷம் இல்லையா? என் மூத்த மவ எதுல மவுத்தானா? வாய மூடு!"

உள்ளே கதவு திறந்தது. கடைசிப் பெண் ருக்சார், சின்னவன் ஜைத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தாள். "வாப்பா, லாத்தா கண்ணு தெரியலைங்குறா. ஒரு மாதிரி பாக்குறா. பயமா இருக்கு வாப்பா."

ராசிக் கேட்டைப் பிடித்து உலுக்கினான். அவர் இன்னும் ஓரடி பின்னால் போனார். சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. உண்மையைச் சொல்லிப் புரியவைக்க ஒரு மணி நேரம் ஆகும் என்று சீதாலெட்சுமிக்குத் தெரிந்தது. அந்த ஒரு மணி நேரம் நாஜியாவிடம் இல்லை.

அவள் கேட்டருகே போய்க் கம்பிகளுக்குள் முகத்தை நுழைத்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"நீங்க சொன்னதுதான் அண்ணே சரி. விஷம்தான். கண்டுபிடிச்சுட்டேன். மாத்து மருந்து ஆஸ்பத்திரியில மட்டும்தான் இருக்கு. இவனை ஏன் கூட்டிட்டு வந்தேன்? என்ன விஷம்னு டாக்டருக்கு இவன் வாயாலயே சொல்ல வைக்கத்தான். இப்ப விட்டா உங்க மவ தங்க மாட்டா."

நூர் முகம்மதுவின் கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. பூட்டு திறந்தது. பதினெட்டு வருடம் பொய்யைப் பிடித்தே சம்பளம் வாங்கியவள், வாழ்நாளில் சொன்ன மிக நல்ல பொய் அதுதான்.

உள்ளே நாஜியா பாயில் கிடந்தாள். கண் இமை துடித்துக்கொண்டிருந்தது. அமுதவள்ளி தன் பையிலிருந்து பிரஷர் பார்க்கும் பட்டையை எடுத்து அவள் கையில் சுற்றினாள். அளவைப் படித்துவிட்டு அவளை இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தாள். தெரு முனையில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டபோது நாஜியாவின் உடம்பு ஒருமுறை விறைத்து வளைந்தது.

* * *

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நீண்ட பெஞ்சு. நாஜியாவை அறுவைக் கூடத்துக்குள் கொண்டுபோயிருந்தார்கள். பிள்ளையை எடுத்தால்தான் தாய்க்கு வழி உண்டு என்று சொல்லிவிட்டு மருத்துவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அங்கே வைத்துத்தான் சீதாலெட்சுமி நூர் முகம்மதுவிடம் பாதி உண்மையைச் சொன்னாள். விஷம் கிடையாது. இது பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வரும் நோய். கேட் திறப்பதற்காகப் பொய் சொன்னேன். ராசிக்மேல் எந்தக் குற்றமும் இல்லை, இரத்தம் கொடுத்ததும் நாஜியாவுக்காகத்தான். மற்றதை அவள் சொல்லவில்லை. சுலைகா எந்த வீட்டில் வீங்கினாள் என்பதை இந்த மனிதரிடம் இன்றே சொல்ல வேண்டுமா? மகள் உள்ளே கிடக்கும்போது?

அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். பிறகு எழுந்துபோய் ராசிக்கின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மாப்புள்ள, என்னை மன்னிச்சிடுங்க. உங்க மேல அபாண்டம் சொல்லிட்டேன். தெரு பூரா சொல்லிட்டேன்."

ராசிக் அழுதான். கிஷன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சுவரைப் பார்த்தான். ஒரு குடும்பம் ஒட்டிக்கொள்வதைப் பார்ப்பது யாருக்கும் நல்லதுதான். சீதாலெட்சுமிக்கும் நெஞ்சு இளகியது.

"ஒண்ணும் கவலப்படாதீங்க," என்றார் நூர் முகம்மது, கையை விடாமல். "நாஜியாவை அல்லாஹ் காப்பாத்துவான். அப்படியே அவன் வேற முடிவு எழுதியிருந்தாலும், உங்க புள்ளைங்க வெளி ஆளு கையில வளராது. நீங்க தங்கமான ஆளுன்னு இப்ப தெரிஞ்சுபோச்சு. எனக்கு இன்னும் ஒரு பொண்ணு இருக்கா. ருக்சார் இருக்கா."

பெஞ்சின் கோடியில் ருக்சார் தலையைக் குனிந்துகொண்டாள். ஜைத் அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். ராசிக் திடுக்கிட்டுக் கைகளை உருவிக்கொண்டான்.

ராசிக் நிரபராதி என்று நிரூபித்தது சீதாலெட்சுமி. மூன்றாவது பெண்ணுக்கு வழியைத் திறந்துவிட்டதும் அவளேதான். அவனைக் கொலைகாரன் என்று நினைத்திருந்த வரையில் ருக்சார் பத்திரமாக இருந்தாள்.

"அண்ணே, உக்காருங்க," என்றாள். "நான் பாதிதான் சொன்னேன். மீதியையும் கேளுங்க."

அமுதவள்ளி சொன்னதை அவள் அவருக்குப் புரியும்படி சொன்னாள். பிடிக்கிற கை, தள்ளுகிற கை. உங்கள் இரண்டு பெண்களுக்கும் ஒரே மாதிரி. மூன்றாவது பெண்ணுக்கும் அப்படியே இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அது இன்னும் தெரியாது. ராசிக் நல்லவர். உங்கள் பெண்களும் நல்ல பெண்கள். இந்த இரண்டு இரத்தமும் ஒரு வயிற்றில் சேர்வதுதான் ஆபத்து. அக்காவின் இடத்துக்குத் தங்கையை அனுப்பினால் அந்த ஆபத்தையும் கூடவே அனுப்புகிறோம்.

"கால் வீங்குறப்போவே பிரஷர் பாத்து, நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தா காப்பாத்த முடியும். பெரும்பாலும் முடியும்," என்று அமுதவள்ளி மெதுவாகச் சேர்த்தாள்.

அந்த வார்த்தைதான் அவருக்குள் இறங்கியது. நூர் முகம்மது தன் வலது கையை விரித்துப் பார்த்தார். பிளையர் பிடித்த கை.

"சுலைகா என் வீட்டுலதானே இருந்தா," என்றார். யாரையும் பார்த்து அவர் அதைக் கேட்கவில்லை. "ரெண்டு வாரமா கால் வீங்குச்சு. வாப்பா, கிளினிக் போலாமான்னு கேட்டா. பெருநாள் வியாபாரம், கடையில கூட்டம். நாளைக்குப் போலாம்மான்னு சொன்னேன். மறுநாளும் அதையேதான் சொன்னேன்."

மூன்று நாள் இழுப்பறைக்குள் அதிர்ந்த கைப்பேசி சீதாலெட்சுமியின் கண்ணுக்குள் நின்றது. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

வெளியே அந்தி நேரத்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்திருந்தார்கள். கதவு திறந்து தாதி ஒருத்தி வந்தாள். "நாஜியா நூர் முகம்மதுவோட ஆளுங்க யாரு? பொம்பளைப் புள்ள. சின்னதா இருக்கு, மூச்சு நல்லா விடுது. அம்மாவுக்கு இன்னும் நினைவு வரல. பிரஷர் இப்பதான் இறங்க ஆரம்பிச்சிருக்கு. இன்னைக்கு ராத்திரி தாண்டணும்."

ராசிக் சுவரில் சாய்ந்து சரிந்து உட்கார்ந்தான். கிஷன் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

நூர் முகம்மது எழுந்தார். பெஞ்சின் கோடிவரை நடந்து போய் ருக்சார் முன்னால் நின்றார். அவள் பயந்துபோய் அண்ணாந்து பார்த்தாள். அவர் குனிந்து, தூங்குகிற ஜைத்தை அவள் தோளிலிருந்து பிரித்தெடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"நாளைக்கு உனக்குப் பரீட்சைன்னு சொன்னியே," என்றார். "போம்மா. போய்ப் படி. புள்ளைய நான் பாத்துக்கறேன்."